உள்ளேன் டீச்சர்

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தொடக்கப்பள்ளி. ஐந்து வகுப்புகளையும் நான் ஒருத்தியே பார்த்துக்கொண்டிருந்த வருடம் அது. பாடம் நடத்துவது போக, அலுவலகம் கேட்கும் விவரங்களைப் போனில் ஏற்றுவதே பெரும்பாடாக இருந்தது. ஒருநாள் அந்த வெறுப்பில் போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் நல்ல மழை. பஸ்ஸை விட்டு இறங்கி, நானே பூட்டைத் திறந்து, நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்தபடியே வருகை எடுத்தேன். கூப்பிட்ட பெயருக்கெல்லாம் "உள்ளேன் டீச்சர்" என்று பதில் வந்தது. எழுந்து கரும்பலகையில் வகுத்தல் கணக்கு எழுதினேன். பின்னால் சளசளவென்று பேச்சு கேட்டது. திரும்பாமலே அதட்டினேன். அடங்கியது.

"யாரை டீச்சர் திட்டுறீங்க?"

சத்துணவு சமைக்கும் அக்கா வாசலில் குடையோடு நின்றிருந்தார்.

"மழைக்கு லீவு விட்டுட்டாங்களே, போன்ல பாக்கலையா? அரிசி மூட்டை நனைஞ்சிருக்கான்னு பாக்க வந்தேன்."

திரும்பிப் பார்த்தேன். ஒரு பெஞ்சிலும் ஆள் இல்லை. தரையில் என் ஈரக் கால்தடம் மட்டும் இருந்தது.

அக்கா உள்ளே வந்தார். என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி வைத்துவிட்டு, "வாங்க டீச்சர், டீ போட்டுத் தர்றேன்" என்று கூட்டிப்போனார்.

குரல் கேட்டதைக்கூட மறந்துவிடலாம். பிள்ளைகள் வந்திருந்த முந்தின நாளுக்கும் அந்தக் காலைக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே, அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் "உள்ளேன்" என்று கேட்டதும் நிமிர்ந்து, அங்கே ஒரு முகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயரைக் கூப்பிடுகிறேன்.