மாமாவின் கண்கள் காணாமல் போன படம்

என் மாமனாரின் கருமக்கிரியையில் மாலை போட்டு வைக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தை நானே எடிட் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். படத்தில் பதியும் நிறங்களின் வரம்பான கலர் ஸ்பேஸ் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று எங்கோ கேட்டதை நம்பி, அதில் பெரிய வகையான புரோஃபோட்டோவைத் தேர்ந்தெடுத்தேன். கிள்ளானில் எங்கள் வீட்டுக் கணினியில் மாமாவின் கண்கள் பளிச்சென்று இருந்தன.

கருமக்கிரியைக்கு முந்தின நாள், அச்சுக்கு அனுப்பியிருந்த படத்தை பிரிக்பீல்ட்ஸ் ஃபோட்டோ கடையில் வாங்கிப் பார்த்தேன். முகம் இருண்டு, கண்கள் இருந்த இடத்தில் இரண்டு குழிகள்தான் தெரிந்தன. அத்தையிடம் இதை எப்படிக் காட்டுவேன்?

"அண்ணே, மெஷின்ல ஏதும் கோளாறா?"

கடைக்காரர் என் ஃபைலைத் திறந்து பார்த்தார்.

"மெஷின் ஓகே லா அக்கா. இதுக்கு எஸ்ஆர்ஜிபிங்கிற சாதாரண கலர் ஸ்பேஸ் மட்டும்தான் தெரியும். நீங்க புரோஃபோட்டோல அனுப்பிட்டீங்க, அதான் இருட்டடிச்சிருச்சு. மாத்திப் போட்டுத் தரேன், உட்காருங்க."

அரை மணி நேரம் காத்திருந்தேன். இரண்டாவது படத்தில் மாமா என்னைப் பார்த்தார்.

முதல் படத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இப்போது எந்தப் படத்தையும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டு, அந்தக் குழிகளை ஒரு முறை பார்த்த பிறகே கடைக்கு அனுப்புகிறேன்.