பெரட்டு போட்டுக் கூட்டிய அவை

வாசகரே, உங்களைச் சாட்சியாக நிறுத்திக்கொண்டே இதைச் சொல்கிறேன். கிள்ளானுக்கு அப்பால், ஒரு ரப்பர்த் தோட்டத்தில், வேலைக்குப் போவோரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் நான் பேசி முடித்தபோது எழுந்த கைதட்டலை நீங்களும் கேட்டிருந்தால், என் இறுமாப்பை ஓரளவு மன்னிப்பீர்கள்.

சரித்திரமும் இலக்கியமும் எங்கள் பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையின் ரயில்வே குமாஸ்தாக்களுக்கு மட்டும் உரியவையல்ல, தோட்டந்தோறும் மாதம் ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்று வாதாடி வென்றவன் நான். வாசகசாலைச் செயலாளர் ஒரே நிபந்தனை விதித்தார்: "மொதக் கூட்டத்துக்கு ஆள் வரலேன்னா இதோட விட்டுடணும், தம்பி." அந்த முதல் கூட்டத்தன்று கொட்டகையில் நிற்கவும் இடமில்லை.

பண்டைத் தமிழர் கடல் கடந்து இக்கரை வந்த வரலாறு என் பொருள். குரலை எங்கே தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது என்றெல்லாம் கண்ணாடி முன் பழகியிருந்தேன். நிறுத்திய இடமெல்லாம் கைகள் தட்டின. வாசலருகே நின்ற, தோட்டத்து ஆட்களை வேலைவாங்கும் கங்காணியே ஒவ்வொரு முறையும் முதலில் தட்டினார். நல்ல ரசிகர் என்றெண்ணினேன்.

முடிவில், கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றேன். மேடை மரியாதைக்காகச் சொல்வது அது. முன்வரிசையில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் அக்கா ஒருவர் எழுந்தார். முழங்கைவரை சவுக்கார நுரை காய்ந்து வெள்ளையாய்ப் படிந்திருந்தது.

"தம்பி, அந்தக் கப்பல்ல வந்தவங்க தானா வந்தாங்களா? இல்ல, எங்கள மாதிரி பேரு கூப்பிட்டுக் கூட்டியாந்தாங்களா?"

கொட்டகை சிரித்தது. "ஒக்காரு புள்ள!" என்றார் கங்காணி.

"எதுக்கு அண்ணே ஒக்காரணும்? லீவு நாள்ல பெரட்டு போட்டீங்க. வராதவங்களுக்கு நாளைக்கு வேலை இல்லேன்னீங்க. ஊறப்போட்ட துணி அப்படியே கெடக்குது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க நல்லாத்தான் பேசுறீங்க. கோவிச்சுக்காதீங்க."

விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு ஆளெடுப்பதே பெரட்டு. என் சொற்பொழிவுக்கும் அதையே செய்திருக்கிறார்கள்.

"பட்டணத்துலேருந்து வரீங்க சார். கொட்டகை காலியா இருந்தா நமக்குத்தானே அசிங்கம்?" என்றார் கங்காணி. அவர் முகத்தில் கள்ளமில்லை.

கொட்டகை நிறைந்தது என்று செயலாளரிடம் சொன்னால் அது பொய்யாகாது, திட்டமும் பிழைத்துவிடும். ஆனால் பாய்மரத்தையும் மன்னனின் கொடியையும் அவ்வளவு நேரம் வருணித்த நான், அக்கப்பல்களில் இருந்தவர்கள் விரும்பித்தான் ஏறினார்களா என்று ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, துவைத்துக்கொண்டிருந்த துணியை விட்டு எழுந்து வந்தவரிடம் இருந்தது. இன்றும் மேடையேறினால், முதலில் தட்டுவது யார் என்றே என் கண் தேடுகிறது.

அன்று கங்காணிக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

"அக்கா, நீங்க கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. தேடிப் பாத்துட்டு அடுத்த மாசம் வரேன். அதையே மொதக் கூட்டமா வெச்சுக்குறேன். பெரட்டு வேணாம், அண்ணே. கொட்டகை காலியா இருந்தா, காலியா இருந்துச்சுன்னே செயலாளர்கிட்ட சொல்லிடுறேன்."