கராஜில் காயும் ஹிக்கரி

பிஸ்கட்டவே ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற ஹிக்கரி மரம் புயலில் சாய்ந்தபோது நான் மூன்று மாதம் கர்ப்பம். மரம் போயிற்றே என்று எனக்கு வருத்தம். என் கணவரோ புது மாப்பிள்ளை போல அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இத விறகுக்கு விடக் கூடாதும்மா. பலகையா அறுத்துட்டா, ஒரு தொட்டில்..."

"அந்த வார்த்தைய எடுக்காதீங்க," என்றேன்.

முதல் தடவை கர்ப்பமானபோது, சேல் போட்டிருக்கிறார்கள் என்று ஐந்தாம் மாதமே தொட்டில் வாங்கினோம். குழந்தை பிறக்குமுன் வாங்கக் கூடாது என்று சென்னையிலிருந்து அம்மா சொன்னாள், நாங்கள் சிரித்தோம். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பினோம். பூட்டிய அதே சின்னத் திருகுச்சாவியால் திருகாணிகளைக் கழற்றி, அவர் தொட்டிலை மறுபடி பெட்டிக்குள் வைத்தார். எனக்கு இந்தச் சாஸ்திரத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் இருந்தது.

ஆகவே 'பலகை' என்றே பேசிக்கொண்டோம். ஒருவர் டிரெய்லரில் அறுவை மிஷின் கொண்டுவந்து அறுத்துக் கொடுத்தார். கராஜில் கார் நின்ற இடத்தில் பலகைகள் ஏறின. கார் வெளியே பனியில் நனைந்தது. என் கணவர் கம்ப்யூட்டரில் கோடு எழுதிப் பிழைக்கிறவர், ஆணி அடித்தால் சுவர்தான் அழும். வீடியோ பார்த்தே பண்டிதர் ஆகிவிட்டார். ஹிக்கரி காயும்போது நிறையச் சுருங்குமாம், அவசரப்பட்டால் பிளந்துவிடுமாம். பலகைகளின் முனைகளில் பெயின்ட் பூசினார். காற்றுப் போக நடுநடுவே குச்சிகள் வைத்து அடுக்கினார். ஓர் அங்குலக் கனம் காய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும், இது இரண்டு அங்குலம் என்றார்.

இரண்டு வருஷம் என்றதும் எனக்கு நிம்மதி. குழந்தை வருவதற்குள் இது எதுவாகவும் ஆகாது. வெறும் மரத்தின் மேல் யார் கண் வைக்கப்போகிறார்கள்?

வீட்டிலிருந்தே வேலை. மதிய மீட்டிங் முடிந்ததும் கராஜில் நாற்காலி போட்டு உட்காருவேன். கதவின் சின்னக் கண்ணாடி வழியாக வெயில் வந்து பலகைகள் மேல் மெல்ல ஊரும். ஓரமெல்லாம் பால் நிறம், நடுவில் கருப்பட்டிக் காப்பி நிறம். ஈர மர வாசனையில் கண் சொக்கும். அரைத்தூக்கத்தில் கராஜ் முழுக்கத் தண்ணீர் நிற்கும், பலகைகள் மிதக்கும், நானும் மிதப்பேன். உள்ளே குழந்தை புரளும்போது விழித்துக்கொள்வேன்.

"சுத்தியல் பிடி, கோடாலிப் பிடி எல்லாம் இதுலதான் பண்ணுவாங்களாம்," என்பார் அவர் வாசற்படியில் நின்று. "எவ்ளோ அடிச்சாலும் அதிர்ச்சிய மரமே வாங்கிக்கும், கைக்கு விடாது."

"கொடுத்து வச்ச கை," என்பேன்.

மகள் பிறந்தாள். மரம் ஈரமாகவே இருந்தது. நண்பர் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய தொட்டிலில் தூங்கினாள். மரம் காய்ந்தபோது வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஷூ போட்டுவிட கதவோரம் ஒரு குட்டி பெஞ்ச் செய்தார் அப்பாக்காரர். கல் மாதிரி மரம். முதலில் துளை போடாமல் திருகாணி உள்ளே போக மாட்டேன் என்றது. அவர் வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. மகள் ஏறி உட்கார்ந்து "மைன்" என்று சொந்தம் கொண்டாடினாள்.

மிச்சப் பலகைகளைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்பெக்யூ அடுப்புக்கு விறகாகக் கேட்டார், போன சனிக்கிழமை. இவர் கொடுக்கவில்லை. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அன்று காலைதான் இவரிடம் சொல்லியிருந்தேன். கராஜுக்குப் போனால், பலகைகளைத் துடைத்து, குச்சி வைத்து, பழையபடி அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

"காஞ்சதுதானே. மறுபடி எதுக்கு அடுக்கறீங்க?"

"பலகைதானேம்மா. இருந்துட்டுப் போகட்டும்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பயம் எங்கும் போய்விடவில்லை.

"தொட்டில்னே சொல்லுங்க," என்றேன்.