ஊறுகாய்ச் சாடிக்கு வயது ஒரு நாள்

விடுதித் தோழர்களே,

எடப்பாடிக்குப் பக்கத்தில், பழங்காலத்து முதுமக்கள் தாழி ஒன்று புதைந்திருக்கும் காட்டில், எங்கள் சரித்திர ஆசிரியர் எங்களையே குழி தோண்ட வைத்துப் பாடம் நடத்துகிறார். நேற்று மாலை அங்கே ஒரு குழியில், நம் விடுதி ஊறுகாய்ச் சாடியின் உடைந்த ஓட்டுத் துண்டைப் புதைத்துவிட்டு வந்தேன்.

இன்று காலை ஓடு வெளிவந்ததும் வகுப்பே துள்ளியது. ஆசிரியர் மட்டும் மண்டியிட்டு மண்ணைத் தடவினார்.

"சுத்தியும் மண்ணு இறுகிக் கெடக்குது. இங்க மட்டும் பொலபொலங்குது. நேத்துப் பொதச்சது. ஆரு சாமி அது?"

இனி எனக்குக் களத்தில் இடமில்லை என்று எண்ணியபடியே கையைத் தூக்கினேன்.

"பக்கத்து மண்ணு சரியாமத் தோண்டியிருக்கறயே. நாளைக்குத் தாழியோட வாயை நீயே தொறந்துரு சாமி."

இந்த மனிதரை ஏமாற்ற இன்னும் நன்றாகத் தோண்டப் பழக வேண்டும். என்னோடு தோண்ட வருகிறவர்கள் கீழே பெயர் எழுதுங்கள்.