பதினொரு மணிக்குத் திறக்கும் கை

"இல்லைங்க, என் மக சோம்பேறி இல்லை. காலையில குழந்தை என் மடியில கிடக்குறதுக்குக் காரணமே வேற."

யாரும் கேட்பதில்லைதான். ஆனாலும் பேத்தியைப் பார்க்க வருகிறவர்களிடம் நானாகவே இப்படித்தான் ஆரம்பிக்கிறேன். பிறந்து எழுபது நாள் ஆகிறது. அவள் கொட்டாவி விட்டால்கூடத் தெருவையே கூப்பிட்டுக் காட்டத் தோன்றுகிறது எனக்கு. மருமகன் லாரி எடுத்துப் போனால் வாரம் கழித்துத்தான் வருவார். அதனால் காலையில் குளிப்பாட்டுவது, சட்டை மாட்டுவது எல்லாம் நான்தான். அதைப் பார்த்து என் மகளுக்கு வயிறு எரிகிறது. பெற்ற அப்பனைப் பார்த்தே பொறாமை.

மகளின் கைவிரல்கள் காலையில் விரியாது. மூடின மொட்டு மாதிரி கிடக்கும். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். உடம்புக்குள் காவல் காக்க வேண்டியதே வீட்டு ஆளைத் திருடன் என்று நினைத்து அடிக்கிறதாம். அடி முழுக்க மூட்டுகளுக்கு. மாத்திரை கட்டுப்படுத்தும், அடியோடு போகாது. பதினொரு மணி வாக்கில் விரல்கள் தானாக இளகும். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியாது.

சோபா உறை தைக்கும் கடையில் துணி வெட்டுகிறவள் அவள். பதினொரு வருஷம். வெட்டு மேஜை என்றால் அந்தக் கடையில் அதுதான் பெரிய இடம். தைக்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், வெட்டுகிறவள் நின்றுகொண்டிருப்பாள். தப்பாகத் தைத்தால் பிரித்துவிடலாம், தப்பாக வெட்டினால் என்ன செய்வது?

நோய் வந்ததைப் பற்றி அவள் கடையில் மூச்சு விடவில்லை. விடியற்காலையில் எழுந்து வெந்நீரில் கையை ஊற வைத்து, ஒன்பது மணிக்கு ஒன்றும் நடக்காத மாதிரி கத்தரியைப் பிடிப்பாள். ஒரு வருஷம் இப்படி ஓட்டினாள்.

அப்புறம் ஒரு நாள் வெல்வெட் வந்தது. வெல்வெட்டுக்குப் பூனை முதுகு மாதிரி முடி ஒரு பக்கமாகப் படிந்திருக்கும். வெட்டும் முன் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் வழுவழு, எதிர்ப்பக்கம் சொரசொர. எல்லாத் துண்டும் ஒரே பக்கமாகப் போக வேண்டும், மாறினால் நிறமே வேறாகத் தெரியும். வீங்கி மரத்திருந்த கைக்கு அன்று எந்தப் பக்கமும் தெரியவில்லை. கண்ணை நம்பி வெட்டிவிட்டாள். தைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது, ஒரே சோபாவில் பாதி கறுத்தும் பாதி வெளுத்தும் இருந்தது.

முதலாளி கேட்டதற்குக் கவனக்குறைவு என்று சொல்லியிருக்கிறாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்றேன்.

"கவனக்குறைவுன்னா நாலு திட்டோட போகும்பா. நோயின்னா வேலையே போகும்."

திட்டோடு போகவில்லை. அவளை நூல் பிசிறு கத்தரிக்க உட்கார வைத்துவிட்டு, மேஜையை ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வைத்த பேர் வெண்டைக்காய். விரல்கள் அப்படி நீளமாக, பிஞ்சாக இருக்குமாம். வீட்டுக்கு வந்தால் வெண்டைக்காய் புராணம்தான். கத்தரி பிடிக்கும் லட்சணத்தைப் பார், மூலையில் துணியை வீணாக்குகிறாள் பார். சோறு இறங்காது.

பிள்ளை வயிற்றில் இருந்த மாதங்களில் அதிசயமாக விரல் வலி விட்டுப்போனது. சிலருக்கு அப்படி ஆகுமாம். முதலாளியிடம் கேட்டு மேஜையைத் திரும்ப வாங்கினாள். அந்த மாதங்களில் வெண்டைக்காய் பேச்சே இல்லை. பிரசவம் ஆன ஆறாவது வாரம் வலி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. லீவு முடிய இன்னும் நாலு நாள்தான். திங்கட்கிழமை போயாக வேண்டும். போனால் எந்த இடம், மேஜையா பிசிறா?

நேற்றுக் காலை வெண்டைக்காய் குழந்தையைப் பார்க்க வந்தாள். நல்ல பெண். குழந்தையை ஒரே கையில் அள்ளித் தோளில் போட்டாள். என் மகள் முகம் போன போக்கைப் பார்த்து நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது.

"குடுடி இப்படி, என் பிள்ளைக்குச் சட்டையை நானே மாத்திக்கிறேன்."

எட்டிப் பார்த்தேன். மகள் குழந்தையின் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பொத்தான்கூட நுழையவில்லை. அந்தப் பெண் இவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு வெல்வெட்டு இதனாலயா?"

என் மகள் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் போன பிறகு என்னிடம் புலம்பினாள். தன் வாயால் சொல்லாவிட்டால் வெண்டைக்காய் வாய்வழியாக முதலாளி காதுக்குப் போய்விடும், அவள் பரிதாபப்பட்டுச் சொல்லி அந்த மேஜை திரும்பி வருவதைவிட வராமலே இருக்கட்டும் என்றாள். சாயங்காலம் முதலாளிக்கு அவளே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பதினொரு மணிக்கு வந்து ஏழு வரை வெட்டுகிறேன், காலையில் அந்தப் பெண் வெட்டட்டும் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

இன்று விடிந்ததும் அவரே கூப்பிட்டார். பதினொரு மணிக்கே வரச் சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். மகள் மட்டும் கையை வெந்நீரில் வைத்தபடி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். இன்னும் என்னம்மா என்றேன்.

"நான் போறதுக்குள்ள நல்ல துணியெல்லாம் அவ வெட்டி முடிச்சிருப்பாளேப்பா."