அண்ணியின் சூட்டுக் கை

மாவுக்குத் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பார்த்தவன் நான். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவதுதான் கௌரவம். காய்ச்சல் வந்தால் நாக்குக்கு அடியில் வைப்போமே, அதே தெர்மாமீட்டர். வெள்ளிமலையில் அண்ணன் குடியிருந்த ஓட்டு வீட்டின் சமையலறையில், எவர்சில்வர் பேசினில் கிடந்த ஒரு மைதா உருண்டையின் நடு வயிற்றில் அதைச் செருகிவிட்டு, டாக்டரின் முகபாவத்துடன் நின்றுகொண்டிருந்தேன். அது எண் எதையும் காட்டவில்லை. ஆங்கிலத்தில் 'லோ' என்று மட்டும் காட்டியது. மனிதனாக இருந்திருந்தால் அந்நேரத்துக்கு உறவினர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அண்ணனிடம் பிறகு கேட்டு வாங்கிக்கொண்ட அந்தத் தெர்மாமீட்டர் இன்று என் மேஜை டிராயரில் இருக்கிறது. பொத்தானைச் சுற்றியுள்ள இடுக்கில் காய்ந்துபோன மைதா இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வெட்கமும், உடனே பின்னாலேயே பெருமையும் வரும். வெட்கம் என்னை நினைத்து. பெருமை என் அண்ணியை நினைத்து.

அண்ணி சங்கராபுரம் பக்கத்தில் கரும்பும் மரவள்ளியும் போடுகிற குடும்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். கள்ளக்குறிச்சி வீட்டில் அவர் காலடி எடுத்து வைத்த கோடையில்தான் அந்த வழக்கு நடந்தது. புது மருமகள் என்று அம்மா பெரிய மனது பண்ணி, அரைத்த இட்லி மாவில் உப்புப் போட்டுக் கலக்கச் சொன்னாள். விடிந்து பார்த்தால் மாவு பாத்திரத்தில் இல்லை. மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு வழிந்து, மேடையிலிருந்து இறங்கி, அரிசி மூட்டை வரைக்கும் நடந்து போயிருந்தது. மிச்சமிருந்ததை வாயில் வைத்தால் கண் தானாக மூடிக்கொண்டது, அவ்வளவு புளிப்பு. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்று கேட்டாள்: "இது இன்னா கையா, கொள்ளி அடுப்பா?"

மாவுப் பாத்திரத்தில் யார் கை படுகிறது என்பது எங்கள் பக்கத்தில் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. சிலர் கை குளிர்ந்த கை. அவர்கள் கலக்கிய மாவு பதமாகப் பொங்கி, சொன்ன இடத்தில் நிற்கும். சிலர் கை சூட்டுக் கை. பட்டதெல்லாம் புளிக்கும், ஊறுகாயில் பூசணம் பூக்கும். அதே மாதத்தில் அண்ணி ஜாடியில் போட்ட எலுமிச்சை ஊறுகாயும் அப்படியே பூத்துத் தொலைத்ததால் தீர்ப்பு உறுதியாயிற்று. அதன் பிறகு அந்த வீட்டில் அண்ணி குழம்பு வைக்கலாம், கறி வறுக்கலாம், ஊருக்கே சோறு வடிக்கலாம். மாவில் மட்டும் கை வைக்கக் கூடாது. தீர்ப்பு வீட்டோடு நிற்கவும் இல்லை. உளுந்தூர்பேட்டையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து மாவு கலக்கிக்கொண்டிருந்தபோது அண்ணி பக்கத்தில் போக, ஒரு சின்னம்மா கையால் பாத்திரத்தை மூடிக்கொண்டு சொன்னாள்: "யம்மா, நீ தூரமா குந்திகினு வெங்காயம் அரி. காலைல மாப்ளை வூட்டுக்காரங்க புளிச்ச ஏப்பத்தோட தாலி கட்டப் போறாங்க." எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து மாவு இருக்கும் இடத்தில் அவர் நிற்கிற நிலையே அதுதான்.

அண்ணனுக்குக் கல்வராயன் மலையில் பள்ளி வாத்தியார் வேலை. மாற்றலாகி வெள்ளிமலைக்குக் குடும்பத்தோடு போனபோது அண்ணிக்கு முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு சமையலறை கிடைத்தது. அங்கே அவர் தன் சூட்டுக் கையாலேயே மாவு கலக்கினார். மலைக் குளிருக்கு அது சரியாகவே இருந்தது. இட்லி நன்றாக வந்தது. கீழே யாருக்கும் இதைச் சொல்லவில்லை. பிறகு ஒரு கார்த்திகையில், எங்கள் வீட்டுக்குக் கூரை மாற்றுகிற வேலை நடந்ததால், அம்மா சில வாரங்கள் தங்குவதற்கு மலைக்குப் போனாள். அம்மா பேருந்தில் ஏறியபோது அந்தப் பழைய தீர்ப்பும் அவள் பெட்டியோடு ஏறிவிட்டது. போய் இறங்கிய அன்றே கிரைண்டரும் மாவுப் பாத்திரமும் அம்மாவின் ஆளுகைக்குக் கீழ் வந்தன. அண்ணி தன் சொந்த அடுப்பங்கரையின் நிலைப்படியில், முந்தானைக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

அம்மாவின் கை பேர்போன குளிர்ந்த கை. கார்த்திகை மாதத்து வெள்ளிமலையும் குளிர்ந்தது. இரண்டு குளிர்ச்சிக்கும் நடுவில் அகப்பட்ட மாவு என்ன செய்யும்? வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருந்தது. நான் விடுமுறைக்கு மலையேறிப் போன அன்று காலையில் அண்ணன் ஓர் இட்லியை எடுத்துத் தட்டில் தட்டிக் காட்டினார். சத்தம் வந்தது. அம்மா முதலில் உளுந்தைக் குறை சொன்னாள், பிறகு அரிசியை, பிறகு மலைத் தண்ணீரை, கடைசியில் மின்சார வாரியத்தை. அண்ணன் வாத்தியார் ஆயிற்றே, உண்மையைச் சொல்லும் கெட்ட பழக்கம் உண்டு. "நீ வர்றதுக்கு முன்னாடி இட்லி நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மத்தியானம் வரைக்கும் பாத்திரங்கள் மட்டுமே பேசிக்கொண்டன.

இதில் அண்ணிக்கு வலித்தது இட்லி இல்லை. அண்ணன் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். சப்பாத்திக்கு மாவு பிசையச் சொன்னால், "எனக்கும் அம்மா கைதான், நான் தொடல" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். அண்ணி அன்று என்னிடம் தனியாகச் சொன்னது இது: "என்னைச் சொன்னா பரவால்ல தம்பி. அதுக்கும் இப்பவே பேர வெச்சிட்டாங்க பாருங்க. நாளைக்கு அது போற வூட்லயும் இதையே சொல்லிகினு நிக்கும்."

நான் போனது வெறுங்கையோடு அல்ல. அந்த வருடம் எனக்கு ரொட்டிப் பைத்தியம் பிடித்திருந்தது. ரொட்டி சுடுவது பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் படித்திருந்தேன், ஒரு ரொட்டியும் சுட்டதில்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் மைதா, ஈஸ்ட், ரொட்டி சுடுகிற ஒரு மின்சார மேஜை அடுப்பு ஆகியவற்றோடு ஏறியபோது, கண்டக்டர் அந்த அடுப்பைப் பார்த்துவிட்டு, "டிவி பெட்டிக்கு டிக்கெட் எடுங்க" என்றார். அது டிவி இல்லை என்று விளக்கப் போய்ப் பக்கத்து சீட்டுக்காரர்களுக்கெல்லாம் ரொட்டி வரலாறு எடுத்தேன். மலை வளைவுகளில் இரண்டு பேர் வாந்தி எடுத்ததற்கு என் உரை காரணம் இல்லை என்றே இன்றும் நம்புகிறேன்.

அன்று பிற்பகல் மாவு பிசைந்தேன். ஈஸ்டும் நிறையச் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை ஊற்றியதும் மைதா விரல்களைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. புத்தகத்தில் 'ஒட்டினால் பொறுமையாக இருக்கவும்' என்று போட்டிருந்தது. பொறுமை கைவசம் இல்லாததால் மைதாவைப் போட்டேன். ஒட்டியது. இன்னும் போட்டேன். கடைசியில் ஒட்டாமல் வந்தது. அடித்தால் மண்டை உடையும் பதத்தில் வந்தது. ஈரத்துணி போட்டு மூடிக் காத்திருந்தேன். வளரவில்லை. அதற்கு அண்ணனின் சால்வையைப் போர்த்தினேன். அப்புறம்தான், அண்ணன் வீட்டு மருந்து டப்பாவிலிருந்து அந்தத் தெர்மாமீட்டர்.

அம்மா எட்டிப் பார்த்தாள். மலைக்கு வந்த பிறகு அவள் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. "தோ பாரு, படிச்சவன் மாவும் படுத்துகினுதான் கீது. என் மேல இன்னா தப்பு? மலையே அப்டி."

அண்ணி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். என் புத்தக அறிவு செய்த ஒரே நல்ல காரியத்தை அப்போது செய்தேன். "அண்ணி, வேற மாவு போட்டுத் தர்றேன். நீங்க பிசைங்க" என்றேன்.

"வேணாம் தம்பி. என் கைய பத்திதான் உங்களுக்குத் தெரியுமே."

"அதனாலதான் கேக்குறேன். இதுக்குச் சூடு வேணும்னு புஸ்தகத்துலயே போட்டிருக்கு."

அண்ணி அம்மாவைப் பார்த்தார். எங்கள் வீட்டில் மைதா என்பது சுவரொட்டிக்குப் பசை காய்ச்சும் பொருள். அதற்கு மேல் அதற்கு அந்தஸ்து கிடையாது. அம்மா வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "மைதாதான, எப்டியோ போவட்டும்" என்றாள். இட்லி மாவுக்குக் கிடைக்காத அனுமதி மைதாவின் மேலிருந்த இளக்காரத்தால் கிடைத்தது.

அண்ணி முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்தார். வளையல்களை முழங்கை வரை ஏற்றிக்கொண்டு கை கழுவினார். மாவு அவர் விரல்களையும் பிடித்தது. ஆனால் அவர் மைதாவைத் தேடவில்லை. கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் மாவை அப்பால் தள்ளினார், இழுத்து மடித்தார், ஒரு திருப்புத் திருப்பினார், மறுபடி தள்ளினார். என் பிசைதலில் மாவோடு ஒரு சண்டை இருந்தது. அவருடையதில் அவசரமே இல்லை. அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வேறு யாருடனோ பேசுவார்களே, அந்த மாதிரி. கந்தலாகக் கிடந்த மாவு மெல்ல மெல்ல வழவழப்பாகி, காது மடல் போல் மெத்தென்று ஆயிற்று. ஒரு துண்டைக் கிள்ளி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். கிழியாமல் விரிந்து, ஜன்னல் வெளிச்சம் அதன் வழியே தெரிந்தது. நான் வாயைப் பிளந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி அப்டி பாக்கறீங்க? கல்யாணத்துக்கு முந்தி தெனம் வறட்டி தட்டுன கை" என்றார்.

ஈரத்துணி போட்டு வைத்தோம். நான் பாடம் படித்தவன், தெர்மாமீட்டரைத் தொடவில்லை. மாவு வளரத் தொடங்கியது. துணி மேடு தட்டி, பேசினின் விளிம்புக்கு வந்தது. அண்ணி துணியைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை, பயம். "ஐயோ, வழிஞ்சிடப் போவுது தம்பி" என்று சொல்லிக்கொண்டே பேசினைச் சுற்றிக் கையை அணைபோல் வைத்தார். அவ்வளவு வருடத் திட்டும் அந்தக் கைகளில் நின்றது. "வழியட்டும் அண்ணி. அதுக்குத்தான் இவ்வளவு பாடு. புஸ்தகக்காரன் இதுக்குத்தான் தவம் கெடக்கறான்" என்றேன். அண்ணி என்னை நம்பாமல் பார்த்தார். முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் முறம் ஒரு கணம் நின்று, திரும்ப ஆடியது.

பிறகு நடந்ததெல்லாம் அண்ணியின் இஷ்டம். பொங்கிய மாவை மெல்லக் குத்தி அமர்த்தி, சப்பாத்திக் கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து அகலமான ஒரு தகடாக்கினார். என் புத்தகத்தில் அதற்கு மேல் லவங்கப்பட்டைத் தூள் தூவச் சொல்லியிருந்தது. அண்ணி தேங்காய்த் துருவலும் தூளாக்கிய வெல்லமும் தூவினார். பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டினார். கத்தியைக் கொடுத்தேன். "அழுத்துனா நசுங்கிப் பூடும்" என்று, பூக்கட்டும் நூலை எடுத்துச் சுருளுக்கு அடியில் கொடுத்து, மேலே குறுக்காக இழுத்தார். வில்லை வில்லையாக, உள்ளே வெல்லச் சுழி தெரிய, நசுங்காமல் வந்து விழுந்தன. அவற்றை இடம் விட்டு அடுக்கி வைத்தோம். அவை மறுபடி வளர்ந்து ஒன்றையொன்று தொட்டு நின்றன. மலை மின்சாரத்தில் அடுப்பின் கம்பி அரைகுறையாகத்தான் சிவந்தது. ஆனாலும் வெந்தது. வெல்லம் உருகிய வாசனை தெருவரைக்கும் போய், பக்கத்து வீட்டுக்காரர் தீப்பெட்டி கேட்கிற சாக்கில் வந்து நின்றார்.

அம்மா ஒன்றை எடுத்தாள். பிட்டாள். முகர்ந்தாள். டீயில் நனைத்துச் சாப்பிட்டாள். நல்லா இருக்கிறது என்று சொல்லவில்லை. கூரை வேலைக்கு வந்த ஆட்கள் ஓடுகளை ஒழுங்காக அடுக்கினார்களா என்று என்னைக் கேட்டுக்கொண்டே கை தன்னால் போய் இன்னொன்றை எடுத்தது. அவ்வளவுதான். அண்ணி காலித் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி அம்மா இட்லிக்கு அரைத்து வழித்தாள். "உப்பு எடுத்தாடி" என்றாள். அண்ணி உப்பு டப்பாவைக் கொண்டுவந்து, வழக்கம்போல் நீட்டிவிட்டுத் தள்ளி நின்றார். அம்மா வாங்கவில்லை.

"இன்னா அத்த?" என்றார் அண்ணி.

"இன்னா என் மூஞ்சப் பாத்துகினு நிக்கற? போட்டுக் கலக்கு. எனக்குக் கை வலிக்குது."

அண்ணி வளையல்களை ஏற்றிக்கொண்டார். மணிக்கட்டு வரைக்கும் கை மாவுக்குள் போனது. நான் அங்கிருந்து நகர்ந்து வெளியே வந்துவிட்டேன். அந்தச் சமையலறையில் யாரும் சொல்லாமல் நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். காலையில் எழுந்து போய்ப் பார்த்தேன். மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஓரமாக வழியவும் செய்திருந்தது. ஆனால் ஒரு சொட்டுக்கூடத் தரையில் இல்லை. படுக்கப் போகும் முன் யாருக்கும் தெரியாமல் அம்மா பாத்திரத்துக்கு அடியில் ஒரு தாம்பாளத்தை வைத்திருந்தாள். பொங்கும் என்ற நம்பிக்கை இல்லாதவள் தாம்பாளம் வைப்பாளா?

அண்ணன் இப்போது கள்ளக்குறிச்சிக்கே மாற்றலாகி வந்துவிட்டார். அந்த மேஜை அடுப்பு அண்ணி வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தெருவுக்குள் நுழையும்போதே வெல்ல வாசனை எதிர்கொண்டு அழைக்கும். சொந்தத்தில் கல்யாணம் என்றால் மாவு கலக்க அண்ணியைத் தேடுகிறார்கள், குளிர்கிற கார்த்திகை, தை என்றால் கட்டாயம். வருகிறவர்களிடம் அம்மா, "எங்க வூட்டு மருமவ கை மாதிரி வராது. மொதல்லயே நான் சொன்னேன்" என்கிறாள். எப்போது சொன்னாள் என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. அண்ணன் மகள் சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள். தான் சுட்ட ரொட்டியைப் படமெடுத்து அனுப்பி, "எனக்கும் அம்மா கைதான்" என்று கீழே எழுதுகிறாள். அதே வார்த்தைகள்தான்.

இதையெல்லாம் எழுதி முடித்து, போன வாரம் அண்ணியிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். அண்ணனும் இருந்தார். ஞாபகார்த்தமாக டிராயரிலிருந்து அந்தத் தெர்மாமீட்டரையும் எடுத்துப் போயிருந்தேன். அண்ணி அதை வாங்கி, இடுக்கில் இருந்த மைதாவை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் நல்லாத்தான் எழுதிகினு வந்திருக்கீங்க தம்பி. அன்னிக்கு இதக் கழுவாமயா மருந்து டப்பாவுல வெச்சீங்க? அந்த வாரமே இவருக்கு ஜொரம். வாயில வெச்சா, 'இன்னாடி இது இனிக்குது'ன்னாரு. ஜொரம் தலைக்கு ஏறிடுச்சின்னு நான் அழுதுகினு கெடந்தேன்."