ஒரு முழம் தள்ளி வைத்த விளக்கு

வேளாண் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன் என்றால் எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணையில் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். "வெவசாயம் படிக்க காலேஜ் எதுக்குத்தா?" என்பார்கள். கடைசி வருடம் எனக்கே அப்படித்தான் தோன்றியது. மிளகாய்ச் செடியின் திசுவைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்துக் கன்றாக்க வேண்டும். அதுதான் என் ப்ராஜெக்ட். வைத்த குப்பியெல்லாம் பூஞ்சை பிடித்துச் செத்தது. மறுபடி வைத்தேன், மறுபடியும் பூஞ்சை. இன்னொரு முறை கெட்டால் இந்த வருடம் டிகிரி கிடையாது என்று ப்ராஜெக்ட் மேடம் சொல்லிவிட்டார். இன்னொரு வருடம் படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. அம்மா போகிற பட்டாசுக் கம்பெனி வேனில் நானும் ஏற வேண்டியதுதான். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கோளாறைக் கண்டுபிடித்தது லேபில் பக்கத்தில் வேலை செய்த தோழி. "ஏன்டி, விளக்க அவ்வளவு தூரத்துல வச்சிருக்க?"

பார்த்தேன். ஸ்பிரிட் விளக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இடுக்கியையும் குப்பியின் வாயையும் தீயில் நன்றாகச் சுட்டால்தான் கிருமி சாகும். நானோ காட்டிய மாதிரி காட்டிவிட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பட்டாசுக் கம்பெனி விட்டு வந்தவர்கள், மேலில் மருந்து ஒட்டியிருக்கும் என்று, குளித்து உடை மாற்றாமல் அடுப்புப் பக்கமே போகமாட்டார்கள். பட்டாசு மருந்தை நான் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் கிருமி போக ஸ்பிரிட் தேய்த்த கை தீயைக் கண்டதும் தானாகப் பின்வாங்கியது.

காரணம் தெரிந்த பிறகும் முடியவில்லை, அதுதான் கொடுமை. விளக்கை இழுத்து வைப்பேன், மறுபடி தள்ளிவிடுவேன். வெறுத்துப்போய் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ம்மா, தீயப் பாத்தா வர்ற பயம் ஒனக்கு எப்பம்மா போச்சு?"



"போச்சுன்னு ஒனக்கு எவ சொன்னா? தெனமும் பயந்துக்கிட்டுத்தான் வேன்ல ஏறுறேன். ஒங்கிட்ட சொன்னா நீ படிப்பியா தாயி?"

அம்மாவுக்குப் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்துத்தான் இத்தனை வருடம் நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

அன்று விளக்கைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பயம் போகவில்லை; ஆனாலும் கடைசிக் குப்பியை மூடும்வரை அதைத் தள்ளி வைக்கவில்லை. அந்தக் குப்பிகள் கெடவில்லை, டிகிரியும் கிடைத்தது. வேலைதான் இன்னும் கிடைக்கவில்லை. அம்மா அதே வேனில்தான் போகிறாள். காலையில் வாசலில் ஹாரன் கேட்டால் எனக்கும் பயம்தான், எழுந்து வாசலுக்குப் போகிறேன். அம்மா பையை எடுத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொள்கிறாள்.